துளையை அடைத்தவர்

செம்பு உருக்கும் ஆலையில் அவரைக் 'களிமண்' என்றுதான் கூப்பிடுவார்கள். உலையின் அடியிலுள்ள துளையைக் கடப்பாரையால் திறந்துவிடுவதும், உருகிய செம்பு வாய்க்காலில் ஓடி முடிந்ததும் களிமண்ணால் அடைப்பதும் பத்தொன்பது வருஷமாக அவர் வேலை. "மிச்சக் களிமண்ணு அண்ணன் தலைக்குள்ள இருக்கு" என்று கேலி செய்து அந்தப் பெயரை ஒட்டவைத்தவன் சொந்தத் தம்பி. அவனுக்கும் அதே ஷிப்டுதான். செம்பை ஏந்தும் இரும்புக் கொப்பரை ஈரமில்லாமல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அவன் பொறுப்பு.

அன்று காலை அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "காஞ்சிருச்சுண்ணே, தொற!" என்று கத்தினான். அண்ணன் திறந்தார். கொப்பரையின் அடியில் தண்ணீர் கிடந்திருக்கிறது. செம்பு பட்டதும் வெடித்துச் சிதறியது.

தம்பி விழுந்ததை அவர் பார்த்தார். ஆனால் துளை திறந்தே கிடந்தால் கீழே நிற்கும் மற்ற ஆறு பேரும் செத்துப்போவார்கள். களிமண் உருண்டையைக் கோலின் நுனியில் வைத்துத் துளைக்குள் திணித்து, அது இறுகும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பிப் பார்த்தபோது தம்பியின் மேல் யாரோ சாக்கைப் போட்டு மூடியிருந்தார்கள்.

அதன்பிறகு அவருக்கு எதுவும் உறைக்கவில்லை. குழம்பில் உப்பில்லை என்பதைக்கூட மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

விசாரணையில் அதிகாரி கேட்டார். "கொப்பரையைப் பாத்தது யாருய்யா?"

தம்பி என்றால் தப்பு செத்தவன் தலையில் விழும். அவன் பெண்டாட்டிக்கு ஆலையில் தருவதாகச் சொன்ன வேலையும் போய்விடும்.

"நான்தான் சார். காஞ்சிருக்குன்னு நெனச்சுட்டேன்."

பொய் சொல்கிறோம் என்ற படபடப்புகூட இல்லை.

அவரை உலையிலிருந்து எடுத்து, தாதுக்கல் கொட்டும் களத்துக்குத் தள்ளினார்கள். தம்பி பெண்டாட்டிக்கு ஆய்வுக்கூடத்தில் தாதுவைப் பொடித்துச் சலிக்கும் வேலை கிடைத்தது. கூடப்பிறந்தவன் துடிக்கும்போது முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற கல்நெஞ்சன் என்று பேசினார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

ஒருநாள் சோதனைக்கு மாதிரிக்கல் வாங்க அவளே வாளியோடு களத்துக்கு வந்தாள்.

"ஏன் அத்தான், அவருக்காக ஒரு சொட்டுக் கண்ணீராவது விட்டீங்களா?"

"இல்லம்மா. வரல."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். அவர் குவியலின் நாலு பக்கத்திலிருந்தும் அள்ளி வாளியை நிரப்பினார்.

"கனமா இருக்கும். நான் கொண்டாரேன்."

"வேணாம்" என்று சொல்லி அவளே தூக்கிக்கொண்டு போனாள். அடுத்த லாரி வந்து நின்றது. அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அதை நோக்கி நடந்தார்.