நுரையக்காவும் நுரை வராத பையும்

அந்தத் தெருவில் வந்து சலவைக்கடை எங்கே என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். நுரையக்கா கடை என்றால் தூங்குகிறவன்கூடக் கை காட்டுவான். மாடிப்படிக்குக் கீழே ஒரு நீள அறை, இரண்டு சலவை மிஷின், உலர்த்துகிற மிஷின் ஒன்று, மூலையில் சிமெண்ட் தொட்டி, நடுவே அவள். நுரை பொங்கி வழிந்தால்தான் துணி துவைந்தது என்று நம்பிய ஜென்மம் அது. ஒரு கரண்டி பவுடர் போதும் என்று பாக்கெட்டில் அச்சடித்திருந்தால் இவள் இரண்டரைக் கரண்டி போடுவாள். அச்சடித்தவனா வந்து துவைக்கப் போகிறான் என்று கேள்வி வேறு.

அந்தப் பவுடர்தான் அவள் கையைப் பதம் பார்த்தது. விரலிடுக்கெல்லாம் வெடித்தது. உள்ளங்கையில் தோல் உரிந்தது. வெங்காயம் நறுக்கினால் உயிர் போய் உயிர் வரும். வீட்டில் வெங்காயம் நறுக்குகிற வேலையைக் கணவர் எடுத்துக்கொண்டார். ரப்பர் கையுறை போட்டுப் பார்த்தாள், உள்ளே வேர்த்து இன்னும் மோசமானது. கடைசியில் இருவருமாகத் தோல் டாக்டரிடம் போனார்கள். அவர் கையைப் புரட்டிப் பார்த்தார், களிம்பு எழுதிக் கொடுத்தார், பிறகு ஒரே பேச்சாகச் சொன்னார்: "ஒண்ணு இந்தப் பவுடரை விடுங்க, இல்லேன்னா இந்தத் தொழிலை விடுங்க."

அவள் காதில் முன்பாதி விழுந்தது. கணவர் காதில் பின்பாதிதான் விழுந்தது.

கணவர் பஸ் டிரைவர். தங்கமான மனிதர், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தங்கமான மனிதர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நமக்கு எது நல்லது என்பதை நம்மைக் கேட்காமலே முடிவு செய்துவிடுவார்கள். மறுநாளே எதிர்க்கடை இஸ்திரிக்காரரிடம் போய், மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மூன்று மிஷினையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். வந்து, ஏதோ மழை வரும்போலிருக்கிறது என்பதைப்போல அதைச் சொல்லவும் சொன்னார்.

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. இருபது வருஷமாக நுரை தள்ள உழைத்து உண்டாக்கிய கடை. அது போனால் அவளுக்குப் பெயர்கூட மிஞ்சாது.

"என் கடையை விக்க நீங்க யாருங்க?"

"உன் கை புண்ணாப் போகுது. நான் சும்மா பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

அவர் சொன்னது உண்மைதான். அதுவே இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள என் கை ஆறலேன்னா நானே மிஷினைத் தூக்கிக் குடுக்கிறேன். அதுவரைக்கும் இதைப் பத்தி வாயைத் திறக்காதீங்க" என்றாள். அவரும் சரியென்றார்.

அவளுடைய நாத்தனார் தலைக்குப் பூந்திக்கொட்டைதான் தேய்ப்பாள். தலைக்கு ஆவது துணிக்கு ஆகாதா என்று இவள் கொஞ்சம் வாங்கி வந்தாள். கணவருடைய பழைய சட்டைக் கையை வெட்டிச் சின்னப் பையாகத் தைத்து, கொட்டையைப் போட்டு வாயைக் கட்டி, வீட்டுத் துணியோடு மிஷினுக்குள் விட்டாள். பிறகு கண்ணாடிக் கதவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். துணி சுற்றுகிறது, தண்ணீர் சுற்றுகிறது, நுரையை மட்டும் காணோம். மனசு கேட்குமா? நிறுத்தி இன்னொரு கைப்பிடி போட்டாள். அப்போதும் நுரை பொங்கவில்லை. விதையும் ஓடுமாகப் பை வெடிக்கிற அளவுக்குத் திணித்தாள். வெளியே எடுத்தால் கணவருடைய வெள்ளை பனியன் அத்தனையும் தேநீர் நிறம். அவர் அதை எடுத்துப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள் அல்லவா!

அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. குற்றம் கொட்டையில் இல்லை, நுரை நுரை என்று அலைகிற தன் கண்ணில். அதன்பிறகு கொட்டையை உடைத்து விதையை எறிந்தாள். ஓடு மட்டும் நாலைந்து, தண்ணீர் வெதுவெதுப்பாக. நுரையைப் பார்க்காமல் அழுக்குப் போகிறதா என்று காலரைப் பார்த்தாள். போனது. ஓடு நைந்து வழுவழுப்புத் தீரும்வரை அதே பையை மறுபடி மறுபடி போட்டாள். கடைசி அலசலுக்கு ஒரு மூடி வினிகர். பழைய கம்பளி ஸ்வெட்டரைப் பிரித்து, பந்தாகச் சுற்றி, காலுறைக்குள் முடிந்து, கொதிநீரில் இறுகவைத்து உலர்த்துகிற மிஷினில் போட்டாள். உள்ளே அது துணியைத் தட்டித் தட்டி மெத்தென்று ஆக்கியது. கை எரிச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

அப்போது வந்தது வினை. கடைக்கு உயிர்நாடியே குழந்தைகள் காப்பகத்துப் படுக்கை விரிப்புகள்தான். புதுவிதமாகத் துவைத்து அனுப்பிய மூட்டையைக் காப்பகத்து மேட்ரன் தானே தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். ஒரு வாசனையும் இல்லையே, துவைக்காமலே மடித்துக் கொடுத்துவிட்டீர்களா என்று கேட்டார். இனி வேறு கடை பார்க்கப்போகிறேன் என்றார். அவர் போனால் கை ஆறியும் பிரயோசனம் இல்லை.

அவள் சண்டைக்கு நிற்கவில்லை. அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்ரனோடு காப்பகத்துக்கே நடந்தாள். அலமாரியிலிருந்து பழைய விரிப்பு ஒன்றைக் கேட்டு வாங்கினாள். போன மாதம் அவளே பவுடர் போட்டுத் துவைத்தது, வாசனை மூக்கைத் துளைத்தது. ஒரு வாளி வெந்நீரில் வெறுமனே அதை முக்கி, குச்சியால் நன்றாகக் கிண்டினாள். தண்ணீர் கலங்கியது. மேலே நுரை கட்டியது. மேட்ரன் குனிந்து பார்த்தார்.

"இப்ப நான் பவுடர் போட்டேனா மேடம்?"

"இல்லையே."

"இது அன்னைக்குப் போட்டது. இன்னும் துணியிலேயே இருக்கு. என் கையைப் புண்ணாக்கினதும் இதுதான். உங்க பிள்ளைங்க இதுமேலதான் படுத்துத் தூங்குதுங்க. தப்பு என்னோடதுதான், நான்தான் அள்ளி அள்ளிக் கொட்டினேன்."

தன் சாயத்தைத் தானே வெளுக்கவைத்துக்கொள்கிற சலவைக்காரியை மேட்ரன் அன்றுதான் பார்த்திருப்பார். அடுத்த வாளியில் மூட்டையிலிருந்து புதுவிதமாகத் துவைத்த விரிப்பு, தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிவாகவே நின்றது. மேட்ரன் இரண்டு வாளியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அலமாரியில் இருந்த எல்லா விரிப்பையும் எடுத்து வெளியே போட்டார். "மொத்தத்தையும் கொண்டுபோய் இந்தப் புது விதத்திலேயே துவைச்சிடுங்க" என்றார்.

சொன்ன ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையில் கணவர் அவள் கை இரண்டையும் வாங்கி, பஸ் கண்ணாடியைச் சோதிப்பதுபோல விரல் விரலாகப் பார்த்தார். பிறகு மாடி வீட்டிலிருந்து கீழே கடைக்கு இறங்கிப் போனார். இஸ்திரிக்காரர் தள்ளுவண்டியும் இரண்டு ஆளுமாக வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவசர அவசரமாக இறங்கி ஓடினாள்.

கணவர் கடைவாசலில் தேநீர் நிறப் பனியனோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து, சுத்தியலால் பூந்திக்கொட்டையை உடைத்து விதை பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, வாக்குக் குடுத்தீங்களே?" என்றார் இஸ்திரிக்காரர்.

"குடுத்தேன். டாக்டர் சொன்னதுல பாதியக் கேட்டுட்டுக் குடுத்துட்டேன். மிச்சத்தை இவ கேட்டிருக்கா. மன்னிச்சிக்குங்க, மிஷின் கிடையாது" என்றார் கணவர்.

இஸ்திரிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வெறும் வண்டியைத் திருப்பினார்.

அன்று மத்தியானம் வெங்காயத்தை அவளே நறுக்கினாள். கண் மட்டும்தான் எரிந்தது.