சாமி பங்களாவின் பின்கதவு

அந்தச் சுவரிலிருந்து முதல் கல் பெயர்ந்து விழுந்த சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. அலவாங்கு என்கிற கடப்பாரை அப்பாவின் கையில் இருந்தது. பக்கத்தில், அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு எங்கள் பங்குச் சாமி நின்றார்.

பூனாகலைக்குப் போகும் வழியில், எங்கள் தேயிலைத் தோட்டத்து மேட்டில் இருக்கிறது, பங்குச் சாமி குடியிருக்கும் அந்தக் குருமனை. நாங்கள் சாமி பங்களா என்போம். வெள்ளைக்காரர் காலத்தில் கடல் கடந்து வந்த குரு ஒருவர், தம் ஊரிலிருந்த மிகப் பழைய குருமனையை நினைவில் வைத்து இதைக் கட்டினாராம். ஒரு முழத் தடிப்பில் கருங்கல் சுவர், வளைவு வைத்த ஜன்னல்கள், கணப்படுப்பு, செங்குத்தான கூரை. வாசலும் ஜன்னல்களும் தோட்டத்துத் துரையின் பங்களாவைப் பார்த்திருந்தன. தொழிலாளர்களான நாங்கள் குடியிருந்த லயங்களின் பக்கம் வெறும் சுவர்.

மலை சரியும் என்ற பயம் வந்தால் ஓடி ஒதுங்க அது ஒன்றே உறுதியான கட்டடம். ஆனால் முன்வாசலுக்குப் போக, வழுக்குப் பாதையில் மேட்டைச் சுற்ற வேண்டும். ஒரு மழையில், நிறைமாதமாக இருந்த என் சித்தி அங்கே சறுக்கி விழுந்தாள். குழந்தை தங்கவில்லை. அதன்பிறகு சாமி நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தூறல் விழுந்தாலே கூடத்தில் முன்னும் பின்னும் நடப்பார். அந்தச் சுவரைக் கையால் தட்டிப் பார்ப்பார். ஒருநாள் பூசை முடிந்ததும் அப்பாவைக் கூப்பிட்டு, "அலவாங்கு எடுத்துட்டு வா," என்றார்.

"மேலிடத்துல கேக்காம உடைக்கலாங்களா சாமி?"

"கேட்டா மழை நிக்குமா?"

கேட்காமல் உடைத்ததற்காக அவரை வேறு பங்குக்கு மாற்றினார்கள். உடைத்த இடத்தில் வைத்த கதவு நிலைத்தது. பக்கத்துத் தோட்டமான மீரியபெத்த மண்சரிவில் புதைந்துபோன பிறகு, ஒவ்வொரு பெருமழைக்கும் எங்கள் சனம் அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே ஓடியது.

இப்போது பங்களாவைப் பழையபடி புதுப்பித்திருக்கிறார்கள். பண்டாரவளையில் படிப்பிக்கும் என்னையும் குழுவில் சேர்த்திருந்தார்கள். கட்டடக்கலைஞர், கொழும்பிலிருந்து வந்த இளம்பெண், பின்கதவைக் கல் வைத்து மூடினால்தான் மூல வடிவம் வரும் என்றார். நான் சித்தியைப் பற்றிச் சொன்னேன். அதைக் கேட்டவர், "அப்ப இதுவும் இந்த வீட்டோட வரலாறுதான்," என்று வரைபடத்தை மாற்றினார்.

திறப்பு விழாவுக்கு, பதுளையில் ஓய்விலிருந்த சாமியை அழைத்து வந்தோம். கணப்படுப்பையும் வளைவுகளையும் காட்டினார்கள். அவர் எதையும் கவனிக்காமல் நேரே பின்கதவுக்குப் போய்த் தள்ளினார். பூட்டியிருந்தது.

"சாவி யாருகிட்ட இருக்கு?"

"பதுளை ஆபீஸ்ல பாதர்," என்றார் பொறுப்பாளர்.

"அப்ப இது இன்னும் சுவருதான்."

நாற்காலி போட்டார்கள், உட்கார மறுத்தார். அந்த வயதிலும் அவர் நின்றுகொண்டே இருக்க, எங்களில் ஒருவராலும் உட்கார முடியவில்லை. கடைசியில் தச்சரைக் கூப்பிட்டுப் பூட்டைக் கழற்றினார்கள். வெளியிலிருந்து யாரும் திறக்கும்படி தாழ்ப்பாளை வெளிப்பக்கம் மாற்றிய பிறகுதான் சாமி தேநீர் கேட்டார்.

போன வாரம் மழை விடாமல் அடித்தது. பாடசாலையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தாழ்வாரத்தில் நடந்துகொண்டே இருந்தேன். மத்தியானம் போன் அடித்தது. சித்தி.

"பயப்படாத பாப்பா. நாங்க எல்லாம் உள்ள வந்துட்டோம்."