ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்தவர்

"முதலாளி போயிட்டாரு ஓய். நாளைக்கு மூணு மணிக்கு எடுக்காவ" என்று போனில் சொன்ன ஏசுதாஸ், நான் வருத்தப்படுவதற்காகக் கொஞ்சம் காத்திருந்தான். எனக்கு வருத்தம் வரவில்லை. அஞ்சுகிராமம் பக்கம் தங்கராஜ் முதலாளியின் பிளாஸ்டிக் நாற்காலிக் கம்பெனியில் அவன் மிஷின் ஓட்டினான். நான் நாற்காலிக்கு வடிவம் வரைந்தேன். அங்கே கூட வேலை பார்த்த நீங்கள் இந்நேரம் அவரைப் புனிதராக்கியிருப்பீர்கள். என்னை அந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள்.

சுனாமிக்கு மறு வருஷம் நான் வரைந்த முதல் நாற்காலியில், இருக்கைக்கு அடியில் குறுக்காக நான்கு பட்டைகள் இருந்தன. கூலிக்காரரும் வாங்க வேண்டும், கனத்த ஆளையும் தாங்க வேண்டும். எனக்கு அதுதான் ஆசை. மாதிரிக்கு ஒன்று அடித்தோம். முதலாளி அதைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"அடியில ஆரு மக்கா குனிஞ்சு பாக்கப் போறா? வெட்டு."

பட்டைகள் போயின. பிறகு கால்களும் மெலிந்தன.

நம் ஊர்க்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. நாற்காலி வளைகிறது என்று தெரிந்தும் யாரும் சண்டைக்கு வரவில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டைச் செருகி உட்காரப் பழகிக்கொண்டார்கள். கல்யாணத்தில், கோயில் கொடை விழாவில், சர்ச்சில், எங்கும் இரட்டைதான். விற்பனையும் இரட்டையானது. முதலாளி அதைத் தன் சாமர்த்தியம் என்றே சொல்லித் திரிந்தார், வெட்கங்கெட்ட மனுஷன்.

பூதப்பாண்டியில் ஒரு கல்யாண வீட்டில் என் மாமனார் ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்தார். பின்கால் விரிந்து, விழுந்து, இடுப்பெலும்பு முறிந்தது. முதலாளி ஆப்பிள் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலில் கிடந்தவரிடம், "ஒத்தக் கசேரயில ஆரு ஓய் ஒம்ம இருக்கச் சொன்னது?" என்று கேட்டார். சத்தியமாகக் கேட்டார். மறுநாளே வேலையை விட்டேன்.

அடக்கத்துக்குப் போனேன். பந்தலில் எல்லோரும் இரட்டையில் உட்கார்ந்து அவருடைய தாராள மனசைப் பேசிக்கொண்டிருந்தார்கள். பாதிரியாருக்கு மூன்று போட்டிருந்தார்கள். வீட்டுக்குள்ளே முதலாளியின் கட்டிலருகே மட்டும் பழைய நாற்காலி ஒன்று தனியாகக் கிடந்தது.

"அப்பா இதுல மட்டுந்தான் இருப்பாவ. வேற எது போட்டாலும் வேண்டாம்பாவ" என்றாள் அவர் மகள்.

கவிழ்த்துப் பார்த்தேன். நான்கு பட்டைகளும் இருந்தன. நல்ல நாற்காலி எது என்று அந்த மனிதருக்குக் கடைசிவரை தெரிந்திருக்கிறது. அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது.

மகளிடம் கேட்டு எடுத்துவந்துவிட்டேன். அவர் நினைவாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். இப்போது அதில் என் மாமனார் உட்காருகிறார். ஒவ்வொரு தடவையும் உட்காருவதற்கு முன், கைத்தடியை ஊன்றி நின்றுகொண்டு கேட்கிறார்: "இன்னொரு கசேர எங்க மருமவனே?"