எட்டாத பாகம்

ஹாட்வெயார் கடை வைச்சிருக்கிற ஆக்களே, ஆணி, பைப், கயிறு விக்கிறது பெரிய வேலையில்லை. வாற சனம் எந்த அளவில கேக்குது எண்டு பிடிபடுறதுதான் வேலை. போன வருசம் என்ர மனுசன் கண்ணை மூடினதோட வேலணைக் கடை என்ர தலையில விழுந்திட்டுது. அண்டையில இருந்து நானும் உங்களைப் போலதான், அளவுகளோட மாரடிக்கிறன்.

ஆரின்ர அரை?

பிரான்ஸில இருந்து லீவில வந்த தம்பி ஒருத்தர் அரை இஞ்சி பைப் கேட்டார். எடுத்துக் குடுத்தன். பொக்கற்றுக்குள்ள இருந்து அளவு ரேப்பை எடுத்து வெளிப்பக்கத்தை அளந்திட்டு, "இருபது மில்லிமீற்றர் கிடக்கு, அரை இஞ்சி பதின்மூண்டுதானே" எண்டு நிண்டார். அந்த அரை உள் ஓட்டைக்குச் சொல்லுறது, ஓட்டையும் சரியா அரை இல்லை, ஆனா ஊர் முழுக்க அரை எண்டுதான் கேக்கும் எண்டன். தம்பி பைப்பைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். "அப்ப இது அளவில்லை அக்கா, பட்டப்பேர்."

வளந்த காணி

சரவணையில இருந்து ஒரு அக்கா வேலிக்கு முள்ளுக்கம்பி வாங்க வந்தவ. கொழும்பில வளந்த மருமோனும் கூட. காணி நாலு பரப்பு எண்டா அக்கா. நாப்பது பேர்ச் எண்டார் மருமோன். பத்துப் பேர்ச் ஒரு பரப்பு, ரெண்டும் ஒண்டுதான். ஆனா கம்பிக்கு ரெண்டும் உதவாது, காணி நீட்டோ சதுரமோ எண்டு தெரியவேணும். சுத்திவர அளந்துகொண்டு வாங்கோ எண்டு அனுப்பினன். போகேக்க அக்கா சொன்னா: "கம்பி கிடக்கட்டும் பிள்ளை, இனி நாப்பது எண்டே சொல்லுவம், கேக்கிறவைக்குக் காணி வளந்த மாதிரிக் கிடக்கும்."

ரெண்டு ஆணி

நங்கூரக் கயிறுதான் என்ர பெரிய கவலை. கடல்காரர் பாகத்திலதான் கேப்பினம். ரெண்டு கையையும் அகல விரிச்சால் ஒரு பாகம். மனுசன் நெடுவல், அவர் விரிச்ச பாகத்தைச் சனம் நம்பினது. நான் கட்டை. நான் கையை விரிக்கிறதைப் பாத்திட்டு, மனம் நோகாமல் "பிறகு வாறன்" எண்டு சொல்லி ரவுண் கடையளுக்குப் போயிடுவினம். மீற்றரில அளந்து தாறன் எண்டாலும் சரிவராது, கடலின்ர ஆழம் அவைக்குப் பாகத்திலதான் தெரியும். அவையில பிழை சொல்லவும் ஏலாது. கயிறு கட்டையெண்டால் நங்கூரம் பிடியாது, வள்ளம் இழுபட்டுப் போயிடும். ஆனா கயித்து வியாபாரம் போனால் நான் கடையைப் பூட்டவேண்டியதுதான்.

போன மாதம் ஊர்காவற்றுறை மரியதாஸ் அண்ணை தேஞ்ச பழைய கயிறு ஒண்டைத் தோளில போட்டுக்கொண்டு வந்தார். இதே அளவில புதுசு வேணுமாம். பாகத்துக்குப் பாகம் சிவப்பு நூல் கட்டியிருந்தது. "உம்மட மனுசன் அளக்க அளக்க நான் கட்டினனான்" எண்டார். ஒரு நூலில இருந்து மற்ற நூலுக்குக் கயித்தை இழுத்துப் பிடிச்சு, மேசையில ரெண்டு ஆணி அறைஞ்சன். பிறகு ரேப்பை வைச்சு, ஒரு மீற்றர் எண்பதுக்குக் கொஞ்சம் கூட எண்டு வாசிச்சன். மரியதாஸ் அண்ணை ஆணியைத் தடவிப் பாத்தார். "நம்பரை விடும் பிள்ளை, இது அவற்ற கை."

இப்ப அந்த ரெண்டு ஆணிக்கிடையிலதான் கயிறு அளக்கிறன், ஆக்கள் திரும்பி வருகினம். பைப்புக்கு இஞ்சி, கம்பிக்கு மீற்றர், கயித்துக்கு என்ர மனுசன் எண்டு கடை ஓடுது.