நபோசா அண்ணியின் முழங்கால்

ஏழு வருடம் கப்பல்களிலும் விடுதிகளிலும் சமையல் வேலை பார்த்துத் திரிந்துவிட்டு எங்கள் ஊரான மசாகாவுக்குத் திரும்பிய அன்று, அண்ணி நபோசா தேநீர்த் தட்டோடு வந்து என் முன்னால் மண்டியிட்டாள். அவள் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள். எங்கள் பக்கத்தில் கணவனின் தங்கையும் ஒரு பெண்ணுக்குக் கணவன்தான். கூப்பிடுவதும் அப்படியே.

"என் சின்னப் புருஷன் வந்தாச்சு. இந்தத் தடவையாவது வீட்ல தங்குவீங்களா, மறுபடியும் என்னை விட்டுட்டு ஓடிருவீங்களா?" என்றாள்.

நான் தட்டை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவள் தோளைப் பிடித்துத் தூக்கினேன். "எந்திரிங்க அண்ணி. எத்தனையோ ஊர் பார்த்துட்டேன். ஒரு பொம்பளை இன்னொரு பொம்பளை கால்ல விழுறதை எங்கயும் பார்க்கல. இனிமே எனக்கு வேண்டாம். யாருக்குமே வேண்டாம்."

அவள் சிரித்தாள். அன்று மாலையே அண்ணன் க்யேஸ்வா வாழைக்காய் லாரியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தபோது, வழக்கம்போல மண்டியிட்டுத்தான் வரவேற்றாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆனால் இரண்டு மாதத்தில் அவள் மண்டியிடுவதை நிறுத்திவிட்டாள். முதலில் எனக்கு, பிறகு அண்ணனுக்கு, கடைசியில் வீட்டுக்கு வரும் பெரியவர்களுக்கும். நின்றபடியே தலையை மட்டும் தாழ்த்தி வணக்கம் சொன்னாள். என் பேச்சு வேலை செய்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. அதை நான் மனதுக்குள் வைத்துக்கொள்ளவில்லை. சந்தையில் சொன்னேன், தேவாலய வாசலில் சொன்னேன், அப்பாவின் அக்காவான நல்வேயிசோ அத்தையின் வீட்டுக்கே போய்ச் சொன்னேன்.

அத்தை நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "அப்போ அவ முட்டியைக் கெடுத்தது நீதானா? போன வாரம் எங்க குலப் பெரியவர் வந்தப்ப தென்னை மரம் மாதிரி நின்னா. க்யேஸ்வா தரையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தான். நீ ஊர் ஊரா சுத்தி எங்களுக்குக் கொண்டு வந்த சாமான் இதுதான்."

"காலம் மாறுது அத்தை."

"மாறட்டும். அவ பொண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றப்ப நின்னுக்கிட்டே கும்பிடட்டும். அப்புறம் தெரியும், காலம் யாருக்கு மாறுதுன்னு."

அண்ணிக்கு டாக்ஸி நிறுத்தத்தின் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. பச்சை வாழைக்காயைத் தோல் சீவி, வாழையிலையில் பொதிந்து, ஆவியில் வேகவைத்து, இலையோடு சேர்த்துப் பிசைந்து, மேலே நிலக்கடலைக் குழம்பு ஊற்றிக் கொடுப்பாள். ஓட்டுநர்கள் அவள் கைப்பக்குவத்துக்காக அடுத்த ஊர்ப் பயணிகளைக் காக்க வைப்பார்கள். அவள் கத்தி ஓடும் வேகத்துக்குக் காய் ஈடுகொடுக்காது என்பார்கள். அந்தக் கத்தியை இப்போது வேலைக்காரப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டாள். தனக்கு மிகவும் பிடித்த கீரையைத் தட்டில் ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டாள். அடிக்கடி மூக்கில் ரத்தம் வந்தது. அடுப்புப் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். இவை எல்லாவற்றையும் நான் பார்த்தேன். ஆனால் நானே எழுதி வைத்திருந்த கதைக்கு அவை தேவைப்படவில்லை. என்னால் விடுதலை பெற்ற பெண் கடை முதலாளி போல நடந்துகொள்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மகள் நன்சிகொம்பியின் அறிமுகச் சடங்குக்கு நாள் குறித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கூடை கூடையாகச் சீரோடு வந்து பந்தலில் உட்காருவார்கள். பெண் வீட்டுப் பெண்கள் வரிசையாக வந்து பாயில் மண்டியிட்டு அவர்களை வரவேற்க வேண்டும். அதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, அண்ணி தன் அறையில் பாயை விரித்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டியிட்டுப் பார்ப்பதைக் கண்டேன். பாவாடை விலகியிருந்தது. வலது முழங்கால் முழுக்கக் கத்தரிக்காய் நிறம்.

"என்ன அண்ணி இது?"

"கட்டில்ல இடிச்சுக்கிட்டேன்."

"அன்னிக்கு மண்டி போடப் போறீங்களா? இவ்வளவு நாள் நிமிர்ந்து நின்னுட்டு?"

"என் பொண்ணு நாள். அன்னிக்கு மட்டும் போட்டுர்றேனே. இந்த வலி ஒரு நாள் அடங்கி இருந்தா போதும்."

நான் என் பெட்டியைத் திறந்து வலி மாத்திரை அட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். கப்பலில் நாங்கள் முதுகுவலிக்கு மிட்டாய் போலச் சாப்பிடுவது. "ஒரு நாளைக்கு மூணு. சாப்பிட்டதும் போடுங்க. யானைக்கு முட்டி வலிச்சாலும் கேக்கும்."

அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது வேற மாத்திரையோட சண்டை போடுமா?"

"என்ன வேற மாத்திரை?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

"மாத்திரைக்கு மாத்திரை சண்டை போடுறதுக்கு அதுங்க என்ன சக்களத்திகளா?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டு நான் பந்தல்காரனைப் பார்க்கப் போனேன்.

சடங்கன்று அவள் முழுக்கைச் சட்டைக்கு மேல் ஊதா நிறக் கோமேசி என்ற நீண்ட அங்கியை உடுத்தி, இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வரிசையில் முதல் ஆளாகப் போய் மண்டியிட்டாள். அத்தையின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பேச்சாளர் ஒவ்வொரு உறவினராக நலம் விசாரித்துக்கொண்டே போனார். நீண்ட வரவேற்பு அது. முடிந்ததும் மற்ற பெண்கள் எழுந்தார்கள். அண்ணி எழவில்லை. கைகளைப் பாயில் ஊன்றினாள், மறுபடி உட்கார்ந்தாள். மூக்கிலிருந்து ஒரு கோடு ரத்தம் இறங்கி ஊதாத் துணியில் சொட்டியது.

"அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கல," என்று பேச்சாளர் சமாளித்தார். கூட்டம் சிரித்தது. அண்ணன் ஓடி வந்து அவளைத் தூக்கிப் பின்கட்டுக்குக் கொண்டுபோனான். பெண்ணின் தகப்பன் பந்தலை விட்டு வர முடியாது என்பதால் நான்தான் வாழைக்காய் வண்டியில் அவளை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். போய்ச் சேருவதற்குள் முழங்கால் சுரைக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது.

தாதி கேள்வி கேட்க ஆரம்பித்ததும் அண்ணி, "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றாள். நான் வெளியே நின்றேன். சிறிது நேரத்தில் தாதியே வந்து கூப்பிட்டாள். அவள் கையில் என் மாத்திரை அட்டை இருந்தது.

"இதை இவங்களுக்கு யார் குடுத்தது?"

"நான்தான்."

"இவங்க இதயத்துடிப்பு தாளம் தப்பி ஓடுதுன்னு ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்பிடறாங்க. கீரை கூடினாலே அந்த மருந்து கேக்காது. சும்மா இடிச்சாலே கன்னிப்போகும், முட்டிக்குள்ள ரத்தம் கசியும். அதுக்கு மேல இதையும் குடுத்திருக்கீங்க. வயித்துக்குள்ள கசிஞ்சிருந்தா இந்நேரம் வேற பேச்சு பேசிட்டு இருப்போம். கேட்டுக் குடுக்க மாட்டீங்களா?"

கேட்டது அண்ணிதான், நான் இல்லை.

ஊசி போட்டார்கள். காலை உயர்த்தி வைத்துப் பனிக்கட்டி கட்டினார்கள். தாதி போன பிறகு நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். முழுக்கைச் சட்டை கழற்றப்பட்டிருந்தது. கைகளில் பழைய நீலமும் புதிய கறுப்புமாகத் திட்டுகள்.

"எப்ப இருந்து அண்ணி?"

"நீங்க வந்து ஒரு மாசம் கழிச்சு. படி ஏறினா நெஞ்சுக்குள்ள கோழி அடிச்சுக்கிற மாதிரி இருந்துச்சு. கம்பாலாவுல போய்ப் பார்த்தோம். சின்ன வயசுல வந்த காய்ச்சல் கெடுத்து வச்சதாம். மருந்து போடலன்னா ரத்தம் உறைஞ்சு கட்டியா மூளைக்குப் போய் ஒரு பக்கம் விழுந்துருமாம்."

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"அவருக்கு மட்டும் தெரியும்."

குலப் பெரியவர் முன்னால் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"யார்கிட்ட சொல்ல? தினமும் மணி பார்த்து மாத்திரை முழுங்கி, மாசா மாசம் ஆஸ்பத்திரியில வரிசையில நிக்கிறவளை நம்ம ஊர்ல என்ன வியாதிக்காரின்னு சொல்லுவாங்க? எய்ட்ஸ் இல்லவே இல்லன்னு வீடு வீடாப் போய் நிரூபிக்கவா? அதுக்குள்ள என் பொண்ணு சம்பந்தம் போயிரும். கடையில ஒருத்தன் சாப்பிட மாட்டான்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நீங்க ஊர் முழுக்கச் சொல்லிட்டுத் திரிஞ்சது எனக்கு வசதியா இருந்துச்சு. திமிர் பிடிச்சவ பொண்ணைக் கட்டிக்குவாங்க. நோயாளி பொண்ணைக் கட்ட யோசிப்பாங்க."

நான் கொண்டாடிய என் வெற்றி அவளுக்கு ஒரு திரைச்சீலையாக இருந்திருக்கிறது. அதன் பின்னால் அவள் தனியாக ரத்தம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சீர் வாங்கிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"இன்னும் தெரியல."

மாலையில் நல்வேயிசோ அத்தை இலையில் பொதிந்த சாப்பாட்டோடு வந்தாள். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. சீர் வாங்கியாச்சு, அடுத்த மாசம் தேவாலயத்துல நாள்" என்று சொல்லிக்கொண்டே கட்டிலைச் சுற்றி வந்து வீங்கிய காலைப் பார்த்தாள். அண்ணியின் கைகள் போர்வைக்குள் போய்விட்டன.

"மாப்பிள்ளை வீட்ல கேட்டாங்க. நான் விசாரிச்சுட்டு வர்றேன்னு சொல்லியிருக்கேன். என்னதான் வியாதி இவளுக்கு?"

அண்ணி என்னைப் பார்த்தாள். கெஞ்சல் இல்லை. என்ன சொல்வேன் என்று காத்திருந்தாள்.

"முட்டி அத்தை," என்றேன். "உள்ள ரத்தம் கட்டியிருக்கு. ரொம்ப நேரம் மண்டி போட்டதுல வந்தது. இனிமே அண்ணி மண்டி போடவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

அத்தை அந்தக் காலை மறுபடியும் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, பிறந்ததிலிருந்து எனக்குக் கொடுக்காத ஒன்றைக் கொடுத்தாள். என் தலையில் கை வைத்தாள்.

"நீ சொன்னப்ப நான் உன்னைத் திட்டினேன். உன் பேச்சைக் கேட்டு இவ நின்னுக்கிட்டே இருந்திருந்தா இந்த நிலைமை வந்திருக்காது. நாலு ஊர் பார்த்தவளுக்கு நாலு விஷயம் தெரிஞ்சிருக்கு. இதை நானே எல்லார்கிட்டயும் சொல்றேன்."

"ஆமா அத்தை," என்று கட்டிலிலிருந்து அண்ணி சொன்னாள். "அவங்க என் நல்லதுக்குத்தான் சொன்னாங்க."

அத்தையின் கை இன்னும் என் தலையில்தான் இருந்தது. மாத்திரை அட்டையைத் தாதி என்னிடமே திருப்பிக் கொடுத்திருந்தாள். அதன் விளிம்பு என் பாவாடைப் பைக்குள் தொடையில் குத்திக்கொண்டிருந்தது. நான் குனிந்து இலையைப் பிரித்து, வாழைக்காயை ஆற வைக்க ஆரம்பித்தேன்.