முதல் குடத்தின் நிறம்

இன்று காலை எங்கள் தெருவில் பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சாக்கடை ஓரமாக ஒரு வெள்ளைக் கோடு. எங்கள் வீட்டு வாசலில் மட்டும் கை கொஞ்சம் தாராளமாக விழுந்திருக்கிறது. அண்ணன் மகள் ஜெனி மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு நேற்றுதான் வீடு திரும்பினாள். அதற்கு மரியாதையாம். காஞ்சிபுரத்தில் கோயில் பக்கம் போனால் துளசி மணக்கும், கடைத்தெருவில் புதுப்பட்டு மணக்கும். எங்கள் பக்கத்துக்கென்று ஒதுக்கி வைத்திருப்பது இந்த நெடியைத்தான். யாராவது படுக்கையில் விழவேண்டும், இல்லை யாராவது பெரிய மனிதர் காரில் வரவேண்டும், அப்போதுதான் வரும். மூக்கில் ஏறியதும் எல்லோருக்கும் தும்மல் வரும். எனக்குக் கோபம் வருகிறது. என் முதல் வேலை ஞாபகத்துக்கு வருகிறது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புவரை உட்கார்ந்து எழுந்தவன் நான்தான். அப்பா கட்டட வேலை, அண்ணன் ஆட்டோ. நான் புவியியல் படித்து, கம்ப்யூட்டரில் வரைபடம் போடும் ஒரு கம்பெனியில் சேர்ந்தபோது அது என்ன வேலை என்று வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை. அப்பா வெளியாட்களிடம், "மேப்பு ஆபீஸ்ல இருக்கிறான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்வி வருவதற்குள் நகர்ந்துவிடுவார். நான் விடவில்லை. அண்ணியைப் பிடித்து உட்காரவைத்து வகுப்பெடுத்தேன்.

"ஊர அப்படியே கம்ப்யூட்டர்ல வரையறது அண்ணி. ரோடு ஒரு தாளு, குழா ஒரு தாளு, சாக்கடை ஒரு தாளு, வீடு ஒரு தாளு. எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பாத்தா எது எங்க இடிக்குதுன்னு தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சி?"

"பிரச்சினை எந்த எடத்துலன்னு கண்டுபுடிச்சிடலாம்."

"கண்டுபுட்ச்சி?"

"சரி பண்ணிடுவாங்க அண்ணி."

அண்ணி சிரித்தார். நான் அதை நம்பித்தான் சொன்னேன். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பயிற்சிக்கு முதலில் தாமல் ஏரிக்கரைக்கு அனுப்பினார்கள். செல்போனைக் கையில் ஏந்திக்கொண்டு கரைமேல் நடக்கவேண்டும். நடந்த தடம் திரையில் கோடாக விழும். எங்கள் பாட்டன் அந்த ஏரிப் பாசனத்தில் அடுத்தவர் நிலத்துக்கு நாற்று நட்டவர். அந்த வயல்களின் வரப்பையெல்லாம் பேரன் விரலால் வரைகிறான் என்று எனக்குள் ஒரு கர்வம். அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இன்னாபா, டவர் கெடைக்கலயா? அந்த மேட்டுமேல ஏறு, கெடைக்கும்" என்றார். கர்வம் அதோடு இறங்கியது.

அப்புறம் ஊருக்குள் குடிநீர்க் குழாய்களை வரையும் வேலை வந்தது. பழைய வரைபடத்தை விரித்தால், ஊரின் பெரிய தெருக்களுக்கெல்லாம் நீலக்கோடு ஓடுகிறது. எங்கள் தெரு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. நான் பிறந்து, பாடம் படித்து, தண்ணீர் பிடித்த தெரு. முறையான அனுமதி பெறாத குடியிருப்பு என்று ஒரு காலத்தில் விட்டுவிட்டார்களாம். குழாய் மட்டும் எப்போதோ ஒரு தேர்தலுக்கு முன்னால் அவசரமாகப் புதைக்கப்பட்டது. அதைக் கேட்டுக் கேட்டு, தோண்டித் தோண்டிப் பார்த்து நான்தான் முதல்முதலாக நீலக்கோடு போட்டேன்.

அந்தத் தண்ணீருக்கு ஒரு நிறம் உண்டு. அதைச் சொல்லவேண்டும். சாக்கடை எங்கள் தெருவுக்குள் திரும்பும் மூலைக்கு மேலே காதர் பாயின் சாயப்பட்டறை இருந்தது. பட்டு நூலுக்குச் சாயமேற்றி, அலசிய தண்ணீரைச் சாக்கடையில் விடுவார்கள். அண்ணிக்கு அங்கேதான் நூல் அலசும் வேலை. குழாயில் தண்ணீர் திறந்ததும் முதல் சில குடங்களில் அன்றைய சாயம் லேசாகத் தலைகாட்டும். வேறு ஊராக இருந்தால் ஐயோ தண்ணியில் கலர் வருகிறதே என்று கூச்சல் போட்டிருப்பார்கள். எங்கள் தெருவில் பாதிப்பேர் வீட்டில் யாராவது தறியிலோ பட்டறையிலோ இருப்பவர்கள். இவர்கள் என்ன நிறம் என்பதற்கல்லவா சண்டை போட்டார்கள்!

"அக்கா, இன்னிக்கு அரக்கு போட்டுக்கினு இருக்கிறாங்க போல."

"உனக்குக் கண்ணு அவிஞ்சி போச்சா? இது அரக்காடி? வெங்காயக் கலரு."

"வெளியில தூக்கியாந்து பாரு. வெயில்ல பாத்தாத்தான் தெரியும்."

முகூர்த்த மாதங்களில் இந்தக் கச்சேரி தினமும் நடக்கும். நிறம் தெளிந்த பிறகுதான் குடிக்கப் பிடிப்பார்கள். அதற்குப் பிறகும் தெருவில் வாந்தி, பேதி, காமாலை. அப்போது பிளீச்சிங் பவுடர் வரும்.

நான் வீடு வீடாகப் போனேன். செல்போனில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புள்ளி. தண்ணீரில் நிறம் வருகிறதா, எவ்வளவு அடர்த்தி, வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையா. கம்பெனி கொடுத்த கேள்வியில் நிறம் உண்டா இல்லையா என்பதற்கு மட்டும்தான் இடம். எதிர்வீட்டு விமலாக்கா விடுவாரா? "உண்டு, இல்லன்னா இன்னா அர்த்தம்? ஆனந்தா ப்ளூவும் கலருதான், மயில் கழுத்தும் கலருதான். ஒழுங்கா எழுதுபா" என்று அதட்டினார். எழுதினேன்.

எல்லாத் தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். மூலைக்கு முந்தைய வீடுகளில் நிறமும் இல்லை, நோயும் இல்லை. மூலையைத் தாண்டிய முதல் வீட்டில் நிறம் அடர்த்தி. தெருவின் கடைசிக்குப் போகப் போக வெளிறுகிறது. நோய்ப் புள்ளிகளும் மூலைக்குக் கீழேதான். சாக்கடையும் குடிநீர்க் குழாயும் ஒன்றையொன்று வெட்டும் இடம் அந்த மூலை ஒன்றுதான். குழாய் அங்கே உடைந்திருக்கிறது. தண்ணீர் நின்றிருக்கும் நேரத்தில் சாக்கடை உள்ளே போகிறது. அந்தச் சாக்கடையில் சாயம் மட்டுமா வருகிறது? மேலே இருக்கும் லாட்ஜ்களின் கக்கூஸ் தண்ணீர் முழுக்க அதில்தான். சாயம் எங்களுக்கு வழிகாட்டியது, அவ்வளவுதான்.

வரைபடத்தை எடுத்துக்கொண்டு அந்த வேலைக்குப் பொறுப்பான அதிகாரியிடம் போனேன். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். அவர் திரையை இப்படியும் அப்படியும் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நல்லா இருக்குது தம்பி. கலர்ஃபுல்லா இருக்குது."

"இந்த மூலையில ஒரு பள்ளம் எடுத்தாப் போதும் சார். உடைஞ்ச துண்ட மாத்திடலாம்."

"இங்கயா? போன மாசம்தான்பா சிமெண்ட் ரோடு போட்டோம். சாமி ஊர்வலம் போற ரோடு. ஒடைச்சா எனக்கு இன்னா ஆவும் தெரியுமா?"

"மேல சாமி போவுது சார், அடியில எங்க குடிதண்ணியில பீ போவுது."

அவர் முகம் சுருங்கியது. பிறகு பேனாவால் காதர் பாயின் பட்டறையைத் தொட்டார்.

"இந்தக் கலரு இங்கேருந்துதான வருது?"

"கலர் பிரச்சினையே இல்ல சார். கலரு நிண்ணாலும் சாக்கடை உள்ள போவும்."

"கலரு நிண்ணா கம்ப்ளெய்ண்ட் நிண்ணுடும் இல்ல?"

அவர் அதை ஒரு திட்டமாகத்தான் சொன்னார் என்பது சில நாட்களில் தெரிந்தது. பட்டறைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். அண்ணிக்கு வேலை போனது. காதர் பாய் எங்கள் வீட்டுக்கே வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று அண்ணன் வாசலில் போய் நின்றான். பாய் உட்கார்ந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"சாயத்த வெளிய வுட்டது தப்புதான்பா. ட்ரம்முல புடிச்சி அனுப்புன்னு சொல்லியிருந்தா அனுப்பியிருப்பேன். பூட்டு போட்டுட்டானுங்க, போவட்டும். அந்த மூலைய அடைச்சானுங்களா, அத்தச் சொல்லு."

"இல்ல பாய்."

"அப்போ எதுக்குபா இதெல்லாம்?"



தெருவில் என்னைக் கொண்டாடினார்கள். படித்த பிள்ளை வந்து தண்ணீரைச் சுத்தம் பண்ணிவிட்டதாம். குழாயைத் திறந்ததும் கண்ணாடி மாதிரி கொட்டியது. நான் வாசல் வாசலாக நின்று காய்ச்சிக் குடியுங்கள் என்று கத்தினேன். விமலாக்கா குடத்தைச் சாய்த்துக் காட்டினார். "நீயே பாருபா. எம்மாம் தெளிவா இருக்குது. இதுல இன்னாத்தக் காய்ச்சறது? கேஸு இன்னா சும்மாவா வருது?" அவர்மேல் கோபப்பட எனக்கு உரிமையில்லை. நிறத்தைப் பார்த்தே வாழ்ந்த கண்ணுக்கு நிறமில்லாதது சுத்தமாகத்தான் தெரியும். அதைத் தெரிந்துகொண்டு செய்தவர்கள் மேல்தான் என் கோபம். பிறகு கம்பெனியில் ஒரு கூட்டம் நடந்தது. என் வரைபடத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாகக் காட்டி, தொழில்நுட்பத்தால் தீர்க்கப்பட்ட பிரச்சினை என்று பேசினார்கள். புகார் வருவது நின்றுவிட்டது என்பதுதான் ஆதாரம். எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்து அந்த மூலை இன்னும் உடைந்துதான் கிடக்கிறது என்றேன். டீ வந்துவிட்டது என்றார்கள். அந்த மாதத்தோடு அந்த வேலையை விட்டேன்.

ஜெனிக்கு வந்ததைக் கண்டுபிடித்தது அண்ணிதான். பிள்ளை சாப்பிடாமல் சுருண்டு கிடந்திருக்கிறாள். டியூப்லைட்டில் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அண்ணி அவளைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்கு ஓடி, கண்ணிமையைப் பிதுக்கிப் பார்த்திருக்கிறார். பட்டறையில் நூலைப் பார்த்துப் பழகிய பழக்கம். "மஞ்சா எறங்கியிருக்குது தம்பி, ஓடியா" என்று போனில் அழுதார்.

இன்று காலை அந்தப் பழைய வரைபடத்தைத் திறந்தேன். எங்கள் வீட்டின்மேல் ஒரு புள்ளி வைத்தேன். ஜெனியோடு படிக்கும், அதே காமாலை கண்ட பிள்ளைகள் இரண்டு பேர் வீட்டிலும் விசாரித்துப் புள்ளி வைத்தேன். எல்லாம் மூலைக்குக் கீழேதான். நாளைக்கு மறுபடி அதே அலுவலகத்துக்குப் போகிறேன். அதிகாரி மாறிவிட்டாராம். சிமெண்ட் ரோடு மட்டும் அப்படியே இருக்கிறது, ஒரு கீறல்கூட இல்லை.

எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் தண்ணீர் வந்துவிட்டது. முன்பெல்லாம் இந்நேரம் அரக்கு என்றும் வெங்காயம் என்றும் தெருவே இரண்டாகப் பிரிந்து நிற்கும். குடத்தை வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், இன்னும் கொஞ்சம் கொட்டு கொட்டு என்பார்கள். அந்தச் சத்தம் போய்விட்டது. விமலாக்கா முதல் குடத்தைப் பிடித்து, ஒருமுறைகூட உள்ளே பார்க்காமல், நேராகச் சமையலறைக்குள் கொண்டுபோகிறார்.