புடலங்காயில் கட்டிய கல்

சென்ற வாரம் மருமகள் கடையிலிருந்து புடலை விதைப் பொட்டலம் ஒன்று வாங்கி வந்தாள். பிரித்தால் உள்ளே ரோஸ் நிறத்தில் ஏழெட்டு விதை. முகர்ந்து பார்த்தேன், மருந்து நெடி. "மாமா, தொட்டா கையைக் கழுவணுமாம், எழுதியிருக்கு" என்றாள். புடலை விதை என்றால் சாண வறட்டி வாசனை அடிக்க வேண்டுமே என்று என் மூக்கு அடம்பிடித்தது. அதற்கு அந்தப் பழக்கத்தை உண்டாக்கியவர் மேலகரத்துச் செண்பக மதினி.

யுத்தத்துக்கு முந்திய வருஷங்கள். மேலகரத்தில் எனக்கு வாத்தியார் வேலை. தென்காசிக் கோயில் தெருவில் வளர்ந்தவன். காய்கறி சந்தையில்தான் கூறுகூறாக விளைகிறது என்று நினைத்திருந்தேன். பையன்களுக்குப் பயிர்ப் பாடம் நடத்தியதும் நானேதான். குடியிருந்தது மதினி வீட்டுப் பின்கட்டில். உறவு ஒன்றும் கிடையாது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், நாக்கில் எப்போதும் பச்சைமிளகாய். அப்படிப்பட்டவரை மதினி என்று கூப்பிட்டுவிடுவது நல்லது.

ஆனி பிறந்து சாரல் விழுந்தது. குற்றாலத்தில் குளித்துவிட்டு நண்பர்கள் மூன்று பேர் ஈரத்தலையோடு வந்து நின்றார்கள். அருவிக் குளியலுக்குப் பிறகு வரும் பசி உங்களுக்குத் தெரியாததா? மதினி வீட்டார் வயலுக்குப் போயிருந்தார்கள். பந்தலில் இலை பழுத்த கொடி. அதில் ஒரே ஒரு புடலங்காய், ஆள் நீளம். வாலில் ஒரு கல், காம்பில் ஒரு சிவப்புத் துணி. கல் காய் சுருளாமல் இருக்க, அது தெரியும். துணி திருஷ்டிக்கு என்று நானே பொழிப்புரை சொல்லிக்கொண்டேன். பறித்துக் கூட்டு வைத்தோம். கொஞ்சம் நார் தட்டியது. விடவில்லை.

சாயங்காலம் அந்தக் கல்லைக் கழுவித் துடைத்து, துணியையும் மடித்து, மதினியிடம் ஒப்படைத்தேன். அடுத்தவர் பொருள் நமக்கெதற்கு!

மதினி கல்லையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"வெதைக்காயவா தின்னுட்டிய?"

"காய் வேணும்னா பறிச்சுக்கிடச் சொன்னியளே மதினி..."

"துணி கட்டியிருந்துச்சுல்லா? இந்தக் கல்லை ஊனினா புடலை முளைக்குமா சார்வாள்? உங்க பாடப் புஸ்தகத்துல அப்படிப் போட்டிருக்கோ?"

சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். போன வருஷத்து விதையை எலி தின்றுவிட்டதாம். மிச்சமிருந்தது நான் தின்றது. ஆடி விதைப்புக்கு ஆறு வீட்டார் கேட்டு வைத்திருந்தார்கள்.

"காசு இல்லைன்னு சொல்லிரலாம், சோறுகூட இல்லைன்னு சொல்லிரலாம். வெதை கேட்டு வந்தவகிட்ட இல்லைன்னு இந்தத் தெருவுல ஒருத்தரும் சொன்னதில்ல" என்றார். அந்தக் குரலில் மிளகாய் இல்லை. அதுதான் சுட்டது.

"நாளைக்குச் சந்தையில வாங்கியாந்துருதேன்" என்றேன். அவ்வளவு வருத்தத்திலும் மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புடலை விதையைக் காசுக்கு விற்கிறவனை அவர் பார்த்ததே இல்லை. பிறகு அவரே யோசித்துச் சொன்னார்: "வடகரையில எங்க சித்தி மவ இசக்கி இருக்கா. மூணு வருசத்துக்கு முந்தி ஒரு கை அள்ளிக் குடுத்தேன். வச்சிருக்காளோ என்னமோ, போய்ப் பாருங்க. வெறுங்கையோட போயி நிக்காதிய." அவரைக்காய் விதையை ஒரு முடிச்சாகக் கட்டிக் கொடுத்தார்.

சனிக்கிழமை நடந்தே போனேன். இசக்கி கதையைக் கேட்டார். பக்கத்து வீட்டைப் பார்த்துக் கூவினார்.

"ஏட்டி, இங்கன வாங்கட்டி! வெதைக்காயைத் தின்ன வாத்தியார் வந்திருக்காவ!"

பார்க்க நல்ல கூட்டம். எல்லோரும் சிரித்து முடித்ததும், சுவரில் அப்பியிருந்த வறட்டி ஒன்றைப் பெயர்த்துக் கையில் வைத்தார். சாணத்துக்குள் விதைகள் வரிசையாகப் பதிந்திருந்தன.

"எப்படிக்கா நன்றி சொல்லுவேன்?"

"எனக்கு எதுக்கு? அவ வெதைதானே இது. எங்கிட்ட இருந்திருக்கு, அம்புட்டுத்தான்."

திரும்பும்போது சாரல் வலுத்தது. குடை ஒன்றுதான். வறட்டி நனைந்தால் விதை கெடும். வாத்தியார் நனைந்தால் கெடுவதற்கு ஒன்றுமில்லை. வறட்டிக்குக் குடை பிடித்து, நான் சொட்டச் சொட்ட நடந்து வந்ததை மேலகரம் முழுக்கப் பார்த்தது. மாற்றலாகும்வரை எனக்கு 'வறட்டி சார்வாள்' என்றே பெயர்.

மதினி விதையை ஆறு பங்கு வைத்தார். பிறகு கொஞ்சம் யோசித்து, ஏழாவதாக ஒன்று. "இது உங்களுக்கு. நீங்களே ஊனிக்கிடுங்க, என் பந்தலாவது தப்பும்" என்று அந்தக் கல்லையும் சேர்த்துக் கொடுத்தார். விதைக்காயைத் தின்றவனுக்கு விதை கொடுத்து அனுப்பிய தெரு அது.

அங்கேயே ஒரு ஆடிப் பட்டம் ஊன்றிக் காய்க்க வைத்து, அந்த விதையோடு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனேன். எனக்குத்தான் புத்தி வந்துவிட்டதே! தகர டப்பாவில் போட்டு, பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். பக்கத்து வீட்டு அம்மாள் நாலு விதை கேட்டார். மேலகரத்தில் யாரும் சொல்லாத வார்த்தையை நான் சொன்னேன். நிலமில்லாததால் இரண்டு ஆடி கழித்துத்தான் டப்பாவைத் திறந்தேன். பொடியும் பூச்சியும் இருந்தன.

வெகுகாலம் கழித்து அந்த விதையைத் தேடி மேலகரம் போனேன். மதினி இல்லை. பந்தல் நின்ற இடத்தில் மச்சு வீடு. வடகரையில் இசக்கியின் மகன் காப்பி கொடுத்து, "இதுக்கா இம்புட்டுத் தூரம் வந்திய? கடையில பொட்டலம் கிடைக்கே" என்றான். சிமெண்டுச் சுவரில் காலண்டர் தொங்கியது.

மருமகளின் கொடி காய்த்தால் கட்டுவதற்குக் கல் தயாராக இருக்கிறது. இத்தனை வருஷமாக என் மேஜையில் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொண்ட கல். நேற்று அதைக் கழுவித் துடைத்து வைத்தேன். ஊன்றினால் முளைக்குமா என்று மதினி கேட்டாரே, கல்லை மட்டும் வைத்திருந்து பார்த்துவிட்டேன். முளைக்கவில்லை.